ஐந்து நாளில் ஐந்து ஊர்

கோஷிட்ஸேயில் பிப்ரவரி.
இரண்டு நாளாக விடாத பனி.
சமையலறை மேசையில்
போர்ச்சுகல் விரிந்து கிடக்கிறது,
சுருண்டுவிடாமல் வடக்கே உப்பு ஜாடி,
தெற்கே என் காபி.

விடுப்பு ஏழு நாள்.
புடாபெஸ்ட் வரை பஸ், பிறகு விமானம்.
போக ஒன்று வர ஒன்று கழித்தால் ஐந்து.
ஐந்து நாளுக்கு ஐந்து ஊர் என்கிறான் ராடோவன்.
எவ்வளவு அழகாக வகுபடுகிறது பார்!
ஒரே கல்லில் ஐந்து மாங்காய் விழும்
என்று நம்புகிற முகம்.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
ஒரு நடைக்குப் பத்தொன்பது நிறுத்தம்,
நாளைக்கு எட்டு நடை.
மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பேக்கரி.
பதினோரு வருஷமாக
அதன் வாசனை மட்டும் தெரியும்,
கதவு திறந்து மூடுகிற நேரத்துக்கு.
ஊர்களை அப்படிப் பார்ப்பதற்கு
எனக்குச் சம்பளமே தருகிறார்கள், ராடோவன்.

அவன் தங்கை வியேரா போன வருஷம்
ஆறு நாளில் இத்தாலி முழுக்கப் பார்த்து வந்தாள்.
இது எந்த ஊர் நீரூற்று என்று கேட்டேன்.
இரு, தேதி பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

முதலில் போனது எவோரா.
அங்கே ஒரு சிற்றாலயத்தின் சுவரெல்லாம்
மனித எலும்பாம்.
ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் இருபது வருஷம்.
"எலும்பு பார்க்கவா லீவு போட்டேன்?"
அவன் பென்சிலே அடித்துவிட்டது.

கொயிம்பிராவை அடித்தது என் முழங்கால்.
குன்றின் மேல் பல்கலைக்கழகம்,
அதுவரைக்கும் படி.
அந்த முழங்காலைப் படமெடுத்தவன் என்பதால்
வாய் திறக்கவில்லை.

மிச்சம் மூன்று.
லிஸ்பனில் சண்டை இல்லை.
வடக்கே போர்ட்டோ வேண்டும் அவனுக்கு.
பன்னிரண்டு வயதில்
கால்பந்துப் படங்கள் ஒட்டிய ஆல்பத்தில்
அந்த ஊர் கோல்கீப்பரின் கட்டம் மட்டும்
கடைசிவரை காலியாகவே இருந்ததாம்.
இதெல்லாம் ஒரு காரணமா?
காரணம்தான் போல.
சொல்லும்போது குரல் இறங்கியது.

தெற்கே ஃபாரோ வேண்டும் எனக்கு.
கடல்.
எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
லிஸ்பனிலும் இருக்கிறதே என்றான்.
அது ஆறு என்றேன்.
விரலை வைத்துப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
ஆறுதான்.

தட்டில் ஆட்டுப்பால் சீஸ்
உருண்டைகளோடு சேர்ந்து இறுகிப்போனது.
எங்கள் கையிருப்பு, விரலுக்குத் தகுந்த வீக்கம்;
அதில் இன்னொரு நாள் வீங்காது.
வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே
ரயிலிலேயே ஒரு பகல் போய்விடும்.

"அப்படியானால் நீ கடலுக்குப் போ,
நான் போர்ட்டோவுக்குப் போகிறேன்."
கோபத்தில்தான் சொன்னான்.
சொன்னபிறகு இரண்டு பேரும்
வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கல்யாணமாகி இத்தனை வருஷத்தில்
யாரும் சொல்லாத ஒன்று
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.
பயமாகத்தான் இருந்தது.
சிரிப்பும் வந்தது, யாருக்கு முதலில் என்று நினைவில்லை.

பிறகு அவன் ரயில் அட்டவணையைத் திறந்தான்.
இரண்டு தடமும் சேர்கிற இடத்தில் ஒரு ஊர்:
என்ட்ரொன்கமென்டோ.
சந்திப்பு என்றே அர்த்தமாம்.
ஊருக்கே ஜங்ஷன் என்று பேர் வைத்தவர்களை
எனக்கு உடனே பிடித்துவிட்டது.
யாரும் பரிந்துரைக்காத ஊர்,
வியேரா கேள்விப்பட்டிருக்க மாட்டாள்.

இரண்டு இரவு அவரவர் பாட்டுக்கு.
மூன்றாம் நாள் அங்கே.
பிறகு சேர்ந்து லிஸ்பன்.

என் ரயில் நாலு பன்னிரண்டுக்கு வரும்,
அவனுடையது நாலு நாற்பதுக்கு.
இருபத்தெட்டு நிமிஷம்
நடைமேடையில் நான் நிற்க வேண்டும்,
ஓட்டுகிறவளாக அல்ல,
வருமா வராதா என்று தலையை நீட்டிப் பார்க்கிறவளாக.

பக்கத்தில் பேக்கரி இருக்கிறதா
தேடிப் பார்க்கட்டுமா என்றான்.
வேண்டாம் என்றேன்.