மூன்றாவது கொழுக்கட்டை

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால்
நுவரெலியா கோர்ட்டு வாசலில் மழை.
ஹட்டன் பஸ் நாலரைக்கு. வெலிமடை பஸ் அதற்கும் பிந்தி.
குடை ஒன்றுதான், அது என்னுடையது.
"எதாச்சும் சாப்புடுவமா, புஷ்பகாந்தி" என்றார்
மழையைப் பார்த்து.

எதிரே சீனக் கடை.
ஒன்பது வருசம் அந்தச் சிவப்பு விளக்கை
பஸ் யன்னலில் கடந்திருக்கிறோம்,
சம்பளம் கூடட்டும், சீட்டு விழட்டும் என்று.

வாசலில் கண்ணாடித் தொட்டி.
ஆறாயிரம் அடி உயரத்தில் நண்டுகள்,
நீர்கொழும்பிலிருந்து லொறி ஏறி வந்தவை,
கால் கட்டிய சணலோடு
கடல் எந்தப் பக்கம் என்று தடவிக்கொண்டிருந்தன.
ஒன்றைக் காட்டி விலை கேட்டார்.
கேட்டுவிட்டு, மீனே போதும் என்றார்.

பரிமாற வந்தது ராகலைப் பையன்.
"ஹார் காவ்னா எறால் கொழுக்கட்டைங்க அக்கா.
மாவு கண்ணாடி மாதிரி,
உள்ளுக்க இருக்கிறது வெளிய தெரியும்."
எங்களை யாரும் அந்த மாவில் பிடிக்கவில்லை.

மூங்கில் கூடையைத் திறந்தான்.
ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி வெளுக்க
ஒரு நிமிசம் அவரை
அவர் பார்க்காமல் பார்த்தேன்.
காதோரம் நரைத்திருக்கிறது.

கூடைக்குள் மூன்று.
இரண்டு பேருக்கு ஏன் மூன்று வைக்கிறார்கள்?
ஒன்றை அவர் எடுத்தார், குச்சியில் நழுவ, விரலால்.
ஒன்றை நான்.
நடுவில் மிஞ்சினதைப் பற்றி
டாக்டர்மாரும் சாமியாடிகளும் அவருடைய அக்காவும்
போதுமான அளவு பேசிவிட்டார்கள்.

மீன் முழுசாக வந்தது,
இஞ்சியும் வெங்காயத்தாளும் போர்த்தி.
கன்னச்சதையைத் தோண்டி என் தட்டில் வைத்தார்.
அது எனக்குப் பிடிக்கும் என்று
தீர்ப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம்.
மகன் தேத்தண்ணி ஊற்ற
தகப்பன் இரண்டு விரலால் மேசையைத் தட்டினார்.
பேச்சில்லை. ஊற்ற, தட்ட. மறுபடி ஊற்ற, தட்ட.
"அதான் அவங்க தேங்க்ஸ்" என்றான் ராகலை.

எங்கள் கேத்தலிலும் அதே வெளிறின தண்ணி,
பால் இல்லை, சீனி இல்லை.
பக்டரியில் பதினைந்து வருசம் தூள் சலித்த மனிசர்
முகர்ந்தார். "கொழுந்த வாடவே விடல."
பிறகு என் கோப்பைக்குச் சாய்த்தார்.
அவர் ஊற்றி நான் குடிப்பது
இதுதான் முதல் தடவை.

என் விரல் இரண்டும் மேசை மேல் இருந்தன.
தட்டினேனா, குளிரில் நடுங்கினதா,
அவர் கேட்கவில்லை.

பில்லைப் பாதியாகப் பிரித்தோம்.
அதற்கு வக்கீல் தேவைப்படவில்லை.
மிஞ்சினதைப் பெட்டியில் போட்ட பையன்
இருவரையும் மாறி மாறிப் பார்த்து
என் பக்கமாக வைத்தான்.

ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது.
வெலிமடைப் பக்கம் இன்னும் கருக்கல்,
குடையை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

நானுஓயா தாண்டினதும் பெட்டியைத் திறந்தேன்.
ஆறி, மாவு மங்கி,
உள்ளே இருப்பது தெரியவில்லை.
தின்றுவிட்டேன்.