பதினாறுக்குப் பதினாறு

எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடி இல்லை,
பதின்மூன்றும் இல்லை, பதினான்கும் இல்லை.
பர்னபியில் சில எண்களுக்கு யாரோ பயப்படுகிறார்கள்.
லிஃப்ட் பொத்தான்படி நான் இருப்பது பதினேழில்.
எண்ணிப் பார்த்தால் பதினான்கு.
மூன்று லெவல்களை ஆடாமலே தாண்டியவள்.

பால்கனியிலிருந்து கிங்ஸ்வே தெரியும்.
நவம்பர் மழையில் அங்கே மனிதர்கள் கிடையாது,
குடைகள்தான்.
கறுப்பு வட்டம், கறுப்பு வட்டம், ஒரு மஞ்சள்,
வட்டத்துக்கு முன்னால் ஒரு ஷூவின் முனை,
அது உள்ளே போனதும் இன்னொன்று.
இதைப் பார்த்துத்தான் நடை வரைந்தேன்.
நாலு ஃபிரேம் போதும்.
மீதியைக் கண்ணே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

எங்கள் விளையாட்டில் வானமே இல்லை.
ஒரு விமானம், அதன் கீழே ஓடும் தரை.
சில்லறை விழுங்கிய அந்தக் காலத்துப் பெட்டிகளைப்போல
மெனக்கெட்டுப் பழசாக்கியது.
பதினாறு நிறத்துக்கு மேல் கூடாது, கரோலினின் சட்டம்.
ஆளுக்குப் பதினாறுக்குப் பதினாறு கட்டம்.
அதற்குள் முகம் வராது.
உச்சந்தலை, இரண்டு தோள், கையில் ஒரு கோடு.
கோடு என்றால் துப்பாக்கி.
சாவதற்கு மூன்று ஃபிரேம்:
வெள்ளை, ஆரஞ்சு, வெறுந்தரை.

ஆனால் தலை சரியாக வரவில்லை.
எப்படி வரைந்தாலும் ஜாடி மூடி.
இரவு பதினொன்றரை.
பின்னக் கணக்கின்மேலேயே கவிழ்ந்து
தூங்கிப்போயிருந்தான் எழிலன்.
அவனுக்கு இரட்டைச் சுழி.
பிறந்த வாரம் படம் அனுப்பியபோது
சேலத்திலிருந்து சித்தி சிரித்த சிரிப்பு:
"ரெண்டு கல்யாணம்டி இவனுக்கு, இப்பவே சேத்து வை."
அந்த நேரத்தில் வேறு மாதிரி யார் கிடைப்பார்கள்?
இரண்டு பிக்சல், பழுப்பு, குறுக்காக.
மூடி தலையாகிவிட்டது.
சேமித்துவிட்டு அவனைத் தூக்கிப்போய்ப் படுக்க வைத்தேன்.
கனம் கூடியிருந்தான்.

வியாழக்கிழமை, ப்ரெண்டனின் பிழைப் பட்டியலில்
நாற்பத்தொன்றாவது:
லெவல் நான்கு, பாலத்தருகே நிற்கும் ஆள்,
தலையில் இரண்டு பிக்சல் அழுக்கு, துடைக்கவும்.
அவசரம்: குறைவு.

துடைத்தேன்.
திரும்ப வைத்தேன்.
அழுக்கில்லை, மயிர், என்று எழுதினேன்.
கட்டைவிரல் ஒன்றைப் போட்டு அவன் மூடிவிட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அந்த ஆளின் தோட்டாக் கணக்கில்
முப்பது என்றிருந்ததைப் பூஜ்யமாக்கினேன்.
யாராவது கேட்டால் சமநிலைக்காக என்றிருப்பேன்.
எங்கள் தொழிலில் அந்த ஒரு வார்த்தையை வைத்து
எதையும் செய்யலாம்.
யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை எழிலன் ஆடினான்,
சோபா விளிம்பில், நாக்கைக் கடித்துக்கொண்டு.
பாத்திரத் துணியோடு நான் பின்னால்.
ஒரு முழத்தில் ஒரு தலை,
அதற்கு நேராகத் திரையில், சுண்டுவிரல் நகமளவு,
இன்னொன்று.
பாலம் வந்தது.
இரண்டு குண்டு.
வெள்ளை, ஆரஞ்சு.
ஐம்பது புள்ளி.
அவன் ஆறாம் லெவல்வரை போனான். நல்ல கை.
நான் அதே தட்டைத் திரும்பத் துடைத்தேன்.

பல் தேய்க்கும்போது நுரையோடு கேட்டான்:
"பாலத்துக்கிட்ட நின்னவன் ஏம்மா சுடவே இல்ல?
பிழையா?"
கண்டுபிடித்தது இவன் ஒருவன்தான்.
சம்பளம் வாங்குகிறவர்கள் ஆறு பேர்.
"பாக்குறேன்டா," என்றேன்.
"நாளைக்கு அவன் பக்கத்துல போயி நிக்கப்போறேன்.
என்ன பண்றான்னு பாக்கணும்."
"அதுல நிக்க முடியாது.
தரை தள்ளிக்கிட்டே போகும்."
துப்பினான். வாய் கொப்பளித்தான்.
"நீதானே செஞ்ச," என்றான்.

திங்கள் காலை மறுபடி மழை.
பால்கனியில் ஆறிய காபி.
கிங்ஸ்வேயில் வட்டம், வட்டம், வட்டம்,
நடுவே குடை இல்லாமல் ஒரு புள்ளி,
ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது,
சிவப்புப் பையோடு நிறுத்தத்துக்கு ஓடுகிறது.
இந்த உயரத்தில் சுழி தெரியாது.
பஸ் வந்து மறைத்தது.
அது நகர்ந்தபோது
வெறுந்தரை.