வெயில் வந்த நாளின் கோளாறு

நவம்பரில் பீல் நகரத்து ஏரி
கரையேறி வந்து தெருவில் குடியிருக்கும்.
பத்தொன்பது நாளாய் மூட்டம்.
கைக்கடிகாரம் வரையும் கம்பெனியின் நாலாம் மாடியில்
ஏணிமேல் நின்று
கூரைக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தேன்,
சட்டைப் பொத்தான் அளவில் பன்னிரண்டு கண்.

ரேடியோ வேண்டாம் என்றுவிட்டார்கள்.
அது சுவர் தாண்டும், படி இறங்கும்,
எதிர்த்த காப்பிக்கடையில்
யார் மடியிலாவது போய் உட்காரும்.
அடுத்த வருஷம் வரப்போகும் முள்ளின் வளைவை
ஊருக்கே சொல்லிவிடும்.

இந்த வெளிச்சம் அப்படியில்லை.
சுவருக்கும் காதுண்டு என்போம்.
இதற்குச் சுவர் செவிடு.
கதவைச் சாத்தினால் பேச்சு அங்கேயே நிற்கும்.
பக்கத்து அறையில்
அதே நிறத்தில், அதே வேகத்தில் வேறொரு பேச்சு,
ஒன்றின் காலில் ஒன்று இடறாமல்.

துவாரகன் இதைச் செங்கீழ் என்கிறான்.
பேர்னில் பிறந்தவன்,
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அப்படித்தானாம்.
நான் கோவில்பட்டியில் படித்தது அகச்சிவப்பு.
சிவப்புக்குக் கீழேயா, சிவப்புக்கு உள்ளேயா?
ஏணியைப் பிடித்தபடி அவன், மேலே நான்,
அரைமணி நேர வழக்கு.
அகம் என்றால் வீடும்தானே என்றேன்,
இது வீட்டைவிட்டு வெளியே போகாத சிவப்பு.
‘சரியக்கா, உங்கட சொல்லே இருக்கட்டும்.
இந்தாங்கோ ஸ்க்ரூ.’

கண்ணுக்குத் தெரியாது.
போன் கேமராவைக் காட்டினால் மட்டும்
நாவற்பழம் தின்ற நாக்குபோல் ஓர் ஊதா.
நேரே வந்து விழுவதுண்டு.
கூரையில் பட்டு, வெள்ளைச் சுவரில் சிந்தி,
அலமாரிக் கதவில் தடுக்கி
நொடியின் நூறு கோடியில் சில பங்கு
பிந்தி வருவதுமுண்டு.
முந்தியதும் பிந்தியதும் ஒரே சொல்தான் என்று
கருவிக்குப் பழக்கவே ஒரு வாரம்.
அப்புறம் கஸ்பார்.
அந்த நெட்டை மனிதர் சோம்பல் முறிக்க எழுந்தால்
அவர் நிழலில் மூன்று மேசைகள் ஊமையாகும்.
அவருக்கென்றே பதின்மூன்றாவது கண் வைத்தேன்.

எல்லாம் சரி.
பத்தொன்பது நாளும் ஒரு சொல் தவறவில்லை.

இருபதாம் நாள், புதன், பகல் 2.20.
மூட்டம் நடுவில் கிழிந்தது.

சூரியனுக்கும் அகச்சிவப்பு தெரியும் என்பதை
நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன்,
பனிக்குள் வேலைசெய்து மறந்திருக்கிறேன்.
ஏரியில் பட்டு, கண்ணாடியில் சாய்ந்து
அது வந்த வரத்தில்
என் கண்களின் முணுமுணுப்பு எங்கே கேட்கும்,
தேர்த் திருவிழாவில் காதோடு ரகசியம்.
பதினோரு திரையிலும் வட்டம் சுற்றியது.

திரைச்சீலையை இறக்கிவிட்டால் தீர்ந்தது.
கயிற்றைப் பிடித்தேன்.
ரெகூலா எக்கிமான்,
மூன்று வாரத்தில் என்னிடம் சிரித்தறியாத மேலாளர்,
என் மணிக்கட்டைப் பிடித்தார்.
‘வேண்டாம்.’

அதற்குள் எல்லோரும் ஜன்னலோரம்.
யாரோ கதவையும் திறந்துவிட்டார்கள்.
கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.
பார்க்க முடியாததைக் கன்னம் பார்த்தது.
நானும் முகத்தை ஏந்தினேன்.
என்னிடம் இருந்ததிலேயே
பெரிய வாங்கி அதுதான்.
கம்பி இல்லை, கடவுச்சொல் இல்லை,
ஒருவர் நிழல் ஒருவர்மேல் விழாதபடி
தாமாகவே விலகி நின்றோம்.

மாலையில் படிவம் நிரப்பினேன்.
கோளாறு நீடித்த நேரம்: நாற்பத்தோரு நிமிடம்.
பாதிக்கப்பட்டோர்: பதினோரு பேர்.
புகார்: இல்லை.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தோளுக்குமேல் எட்டிப் பார்த்த துவாரகன்
‘புறம் எண்டு எழுதுங்கோ’ என்றான்.

வடிகட்டிக் கண்ணாடி நாளை வந்து சேரும்.
நாளையிலிருந்து
மறுபடி மூட்டமாம்.