திகதி பின்னர் அறிவிக்கப்படும்

கண்டி ஆஸ்பத்திரிக் கடிதத்தில்
கடைசி வரி அதுதான்.
மகளின் நெஞ்சில் ஓர் ஓட்டை.
மிளகளவு என்றார் டாக்டர்.
எனக்கு அது சுரங்கத்தின் வாயளவு.
கடிதத்தை நாலாய் மடித்து
பொலித்தீன் சுற்றி
சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

இரவு ஒரு மணி, இதல்கஸ்ஹின்ன.
ராக் கோச்சி வருமுன்
பாதை பார்த்து நடப்பது என் வேலை.
தோளில் சம்மட்டி, கையில் லாம்பு,
இடுப்புப் பையில் மூன்று வெடி.
முகத்தில் ஈரத் துணியாய் மூடுபனி.
முன்பெல்லாம்
சிலிப்பர் கட்டைகளை எண்ணிக்கொண்டு நடப்பேன்.
இப்போது எண்ணுவது வேறு:
வேன் கூலி எவ்வளவு,
எத்தனை நாள் லீவு,
யார் யாரிடம் இரத்தம் கேட்பது,
கத்தி வைக்கும் நேரம் கரண்ட் போனால்?
ஜெனரேட்டர் இருக்கும் என்றான் பந்துல.
ஜெனரேட்டரும் பழுதானால்?
அவன் பேசாமல் வெற்றிலையை நீட்டினான்.

கந்தா,
மழை விட்ட இரவுகளில் தெற்கே
பள்ளத்து விளக்குகள் தெரியும்.
அதற்கும் அப்பால், கண் எட்டாத இருட்டில்
உன் கதிர்காமம்.
அந்தப் பக்கம் திரும்பித்தான் கேட்பேன்:
ஒரு திகதி சொல். அது போதும்.
நீயோ திரைக்குப் பின்னாலேயே இருப்பவன்.
உன் சந்நிதியில் திரை விலகியதே இல்லை.
துணியைப் பார்த்துக் கும்பிட்டு
திருநீறோடு திரும்பி வந்தவர்கள் நாங்கள்.

போன ஐப்பசியில்,
சுரங்கத்துக்கு இப்பால் வளைவில்,
ஆட்டுக்கொட்டில் பெரிதாய் ஒரு கல்
பாதையில் உட்கார்ந்திருந்தது.
ஓடினேன். தண்டவாளத்தில் வெடி வைத்தேன்.
சிவப்பை ஆட்டி ஆட்டித் தோள் விட்டுப்போனது.
கோச்சி முனகிக்கொண்டு நின்றது.
ஒருவர் ஜன்னலைத் தூக்கி
அரைத் தூக்கத்தில் கத்தினார்:
"ஏன்டா நிப்பாட்டினீங்க? நேரமாகுது!"
கல் வளைவுக்கு அப்பால் இருந்தது.
அவருக்கு அது தெரிய வழியில்லை.
நான் பதில் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் பனியில் கேட்டிருக்காது.

அதே குரலை நேற்று மறுபடி கேட்டேன்.
என் வாயிலிருந்து.
தெற்கே பார்த்து நான்தான்
நேரமாகுது நேரமாகுது என்று
கத்திக்கொண்டு நின்றேன்.

வெட்கமாய்ப் போயிற்று.
ஆனாலும் ஒன்று கேட்பேன், கோபிக்காதே.
என் அக்கா வெள்ளையம்மாளின் லயத்தின்மேல்
மலை இறங்கிய காலையில்
யார் நடந்தார் முன்னால்?
எங்கே இருந்தது உன் லாம்பு?
பதினோரு வருஷமாய் இதற்கு நீ வாய் திறக்கவில்லை.
கேட்பதை நான் விடவும் இல்லை.
யாருமில்லாத இடத்தோடு
ஒருவன் பதினோரு வருஷம் சண்டை பிடிப்பானா?

நாலு மணிக்குக் கோச்சி வந்தது.
ஒதுங்கி நின்று பச்சை காட்டினேன்.
ஒன்பது பெட்டி.
கண்ணாடியில் கன்னம் நசுங்க,
வாய் பிளந்து,
மடியில் பயணப்பை சரிய
எல்லாரும் தூங்கிக்கொண்டு போனார்கள்.
என் பெயர் அவர்களுக்குத் தெரியாது.
கல் இல்லாத பாதையும் தெரியாது.
எனக்கு அந்தத் தூக்கத்தில் பொறாமை வந்தது.

வீட்டில் துஷாந்தினி விழித்துக் கிடந்தாள்.
"கோச்சி போயிருச்சாப்பா?"
"போயிருச்சு."
புரண்டு படுத்தாள்.
நாளைக்கும் போகுமா என்று கேட்கவில்லை.
கம்பளிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு
ஏறி இறங்கியது,
கொஞ்சம் தாளம் தப்பி.

பொலித்தீனைப் பிரித்தேன்.
கலண்டர் ஆணியில்
கடிதத்தைக் குத்தித் தொங்கவிட்டேன்.
கதவிடுக்குக் காற்றில்
திரைபோல அது ஆடியது.
கும்பிட்டுவிட்டுப் படுத்தேன்.