ஜீரோ பாத்துக்குங்க

தேவகோட்டை ரஸ்தா பங்க்கில்
இரண்டாம் நம்பர் பம்பு என்னுடையது.
ஒன்பது வருஷமாக
ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது
ஒரே வாக்கியம் சொல்கிறேன்:
"ஜீரோ பாத்துக்குங்க."
யாரும் பார்ப்பதில்லை.
போனைப் பார்க்கிறார்கள்,
மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார்கள்.

காலை ஆறுக்கு முதல் வேலை
தரைக்கடித் தொட்டியின் மூடியைத் திறந்து
அளவுக்கம்பி இறக்குவது.
மதியத் தார் ரோட்டில் நெளியுமே,
அப்படி ஒன்று நெளிந்து மேலே வரும்.
கண்ணுக்குத் தெரிகிற காற்று.
குனியாமல் கம்பியின் கோட்டைப் படிக்க முடியாது.
குனிந்தேன்.

சேர்ந்த வாரம் முழுக்க வாந்தி.
"பழகிடும்" என்றார் மேனேஜர் வயிரவன்.
பழகியது.
இப்போது மாவு புளித்துவிட்டதா என்று
மகனைத்தான் மோந்து சொல்லச் சொல்கிறேன்.

தையில் பழனிக்கு நடக்கிறவர்கள்
தண்ணீர் கேட்டு உள்ளே வருவார்கள்.
சொம்பை வாங்கிய ஒரு அம்மா
வாய் வரை கொண்டுபோய் நிறுத்தினார்:
"தண்ணியில பெட்ரோல் வாடை அடிக்குதே."
தண்ணீரில் இல்லை.
நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ரேஷன் கடை மெஷினில்
கட்டைவிரல் வைத்தேன். சிவப்பு.
முந்தானையில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று.
"ரேகையே இல்லையேக்கா, எங்க தொலைச்ச?"
வரிசை சிரித்தது. நானும்தான்.
துவரம்பருப்பை மகன் விரலில் வாங்கினோம்.

அப்புறம் இந்த நீலம்.
முழங்கைக்கு மேலே, தொடையில்,
பல் விளக்கினால் ஈறில் சிவப்பு.
"யாருடி அடிச்சது?" என்று
மூன்றாம் பம்பு நாகவள்ளி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.
யாரும் அடிக்கவில்லை.
அதைத்தான் அவள் நம்பவில்லை.

மூன்று டாக்டர்கள்
முருங்கைக்கீரை என்றார்கள், பேரீச்சை என்றார்கள்,
இரும்பு மாத்திரை தந்தார்கள்.
நான்காவது, காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த பெண்,
சீட்டைப் புரட்டாமல்
என் நகங்களைப் பார்த்துக் கேட்டாள்:
"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன்.
பேனாவை மூடிவிட்டாள்.
பிறகு மறுபடி திறந்து
அமலோற்பவம், பெண், 36 என்பதற்குப் பக்கத்தில்
பெட்ரோல் பங்க் என்று எழுதினாள்.
வெள்ளணு இரண்டாயிரத்து எண்ணூறு.
தட்டணு எழுபதாயிரம் கூட இல்லை.
"எலும்புக்குள்ளதான் ரத்தம் சமைக்கிற அடுப்பு இருக்கு.
அது எரியுதான்னு மதுரையில எடுத்துப் பாக்கணும்."

என் மீட்டர் ஏறுகிற மீட்டர் என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

லீவு கேட்கப் போனேன்.
கண்ணாடி அறை, ஏ.சி.,
நோட்டு எண்ணுகிற மெஷின்.
"பெட்ரோல்னாலதான்னு எழுதிக் குடுத்தாங்களா?
நானும்தான் இதே காத்துல நிக்கிறேன்,
இருபத்திரண்டு வருஷமா. எனக்கென்ன ஆச்சு?"
சம்பளமில்லாத லீவு, நான்கு நாள்.
சரி என்று திரும்பினேன்.

"இரு" என்றார்.
எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.
சட்டைக் கையை மடக்குவதுபோல் மடக்கி
உடனே இறக்கிவிட்டார்.
"அந்த ரத்த டெஸ்ட்டுக்கு
எவ்வளவு கேக்குறான்?"

வெளியே ஹாரன்.
பிரித்த வீட்டுத் தேக்குத் தூண்களோடு ஒரு லாரி,
நூற்றைம்பது லிட்டருக்கு.