கயிறு அழிக்கிறவள்

தரமணியில் எட்டாவது மாடி.
ஏசி குளிருக்குத் துப்பட்டாவைக் காதுவரை சுற்றிக்கொண்டு
நான் கயிறு அழிக்கிறேன்.

நொடிக்கு இருபத்துநாலு படம்.
ஒவ்வொன்றிலும் இடுப்பிலிருந்து இரண்டு, தோளிலிருந்து இரண்டு
கிரேனுக்குப் போகும் கறுப்புக் கயிறுகள்.
அழித்த இடத்தில் வானத்தை ஒட்டவேண்டும்.
வானம் பக்கத்திலேயே கிடைக்கும்,
இந்த வேலையில் அது ஒன்றுதான் சௌகரியம்.

பருந்துவேலன் திரும்பி வருகிறான்,
ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து.
மெட்ரோ தூண்களில் அவன் மார்பு மட்டும்,
நந்தனத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும்
தூணுக்கு ஒரு மார்பு.
புது வேலனுக்கு இறக்கை கார்பன் இழை.
வயிற்றில் ஆறு கட்டு
(இரண்டு எங்கள் ஹில்டா வரைந்தது).
பழைய வேலனுக்குத் தொப்பை இருந்தது.
பறக்கும்போது அவனுக்குச் சற்று முன்னால்
அது பறந்துபோகும்.

போன செவ்வாய் இன்னொரு வேலை வந்தது.
புதுப் படம் தொடங்குமுன்
பழைய படத்திலிருந்து நாற்பது நொடி.
மரியாதைக்காம்.
"அதுலயும் கயிறு தெரியுதும்மா, எடுத்துடுங்க.
பசங்க மீம் போட்டுக் கொன்னுடுவானுங்க"
என்றார் மேலாளர் துரைக்கண்ணு.

கறுப்பு வெள்ளை. உள்ளே ஓயாத மழை.
அட்டையில் செய்த எல்.ஐ.சி.,
பாதி ஜன்னல் பேனாவில் போட்டது.
அதன்மேல்
கொடியில் காயும் வேட்டி காற்றுக்கு எழும்புவதுபோல்
வேலன் எழும்பி வருகிறான்.
கயிறா அது? விரல் தடிமன்.
ஹார்பரில் கேட்டு வாங்கியிருப்பார்கள்.
முடிச்சுகூடத் தெரிகிறது.

முதல் நூறு படம் சீக்கிரம் போனது.
நூற்றுப்பதினேழில்
மேல்விளிம்பில் ஒரு கை.
கயிற்றைப் பிடித்த கை.
சட்டையை முழங்கைவரை சுருட்டி
உள்ளங்கையில் துணி சுற்றியிருக்கிறது.
மூன்று படம் நிற்கிறது, பிறகு இல்லை.
நொடியில் எட்டில் ஒரு பங்கு.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
மணிக்கட்டில் வெளுப்பாய் ஒரு பட்டை.
இழுக்குமுன் கடிகாரத்தைக் கழற்றி வைத்திருக்கிறார்,
இல்லை, சேட்டு கடையில் வைத்திருக்கிறார்.
நரம்பு புடைத்திருக்கிறது.
பறக்கிறவனின் எடை மொத்தமும்,
தொப்பையோடு சேர்த்து,
அங்கே.

டைட்டிலை ஓட்டித் தேடினேன்.
சண்டைப் பயிற்சிக்குப் பெயர் இருக்கிறது.
புகை போட்டவருக்கு இருக்கிறது.
நாற்காலி வாடகைக்கு விட்ட கம்பெனிக்கும்
நன்றி இருக்கிறது.

விடிகாலை மூன்றுக்கு டெலிவரி.
என்ன செய்வது, கையை அழித்தேன்.
அங்கே வானம் ஒட்டினேன்,
ஸ்டூடியோ படுதாவின் சாம்பல் வானம்.
நடுவே ஒரு தையல் ஓடியது.
தையலை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை,
விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. தண்டையார்பேட்டை.
ஒற்றைத் திரை, காலைக் காட்சி,
காகிதத் துண்டு மழையில் முதல் பத்து நிமிஷம்
எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள்.
பழைய காட்சி வந்தது.
வேலன் எழும்பினான், பிசிறில்லாமல்,
எதிலும் தொங்காமல்.
சத்தம் அடங்கிவிட்டது.
செய்த எனக்கே
பிணம் மிதப்பதுபோல் இருந்தது.

பின்வரிசையில் ஒரு குரல்:
"டேய் ஆபரேட்டர், கயிறு எங்கடா?"
இந்தப் பக்கம் ஒருத்தி: "கயித்தக் காட்டு!"
ஞாயிறு மதியம் டிவியில்
முப்பது தடவை பார்த்த சனம்.
கயிறு வரும் இடத்தில் கைதட்டி வளர்ந்தவர்கள்.
யாரோ எழுந்து இரண்டு கையையும் தூக்கி
இல்லாத கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்.
அப்புறம் அந்த வரிசை.
அப்புறம் பால்கனி.
இழு இழு என்று விசில்.
வேலன் ஒரு அடி கூடுதலாய் ஏறியதாக
ஹில்டா இன்றைக்கும் சாதிக்கிறாள்.

நானும் கையைத் தூக்கினேன்.
கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

பிறகு புது வேலன் வந்தான்.
குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகத்தான் பறந்தான்.
கடைசியில் நானூறு பெயர் ஓடியது.
ஹில்டாவுக்கு நாலு பெயர் கீழே நான்,
ஒரு புள்ளி குறைவாக.
படித்து முடிக்குமுன்
கதவைத் திறந்து வெயிலை உள்ளே விட்டுவிட்டார்கள்.