பார்வையாளர் அட்டை

கழுத்தில் மாட்டிய அட்டையில் என் பெயர் இல்லை.
பார்வையாளர் என்று மட்டும் இருந்தது.
சத்துவாச்சாரி, செல்போன் கடைக்கு மேலே
மூன்றாவது மாடி.
லிஃப்ட் வேலை செய்யாது என்பதையே
வரவேற்பாகச் சொன்னார்கள்.

மூன்று நாள் நிருபரின் நிழலாக இருக்க வேண்டும்
என்றது கல்லூரிக் கடிதம்.
குறுக்கே பேசக் கூடாது. எதையும் தொடக் கூடாது.
கேமராவுக்குள் வரக் கூடாது.
தப்ஸும் படித்துவிட்டுச் சிரித்தாள்:
"மே மாசம், வேலூர்ல, நிழலா?
கெடச்சா எனக்கும் கொஞ்சம் குடு."

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை.
கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் திங்கள்கிழமை.
குறித்துக்கொண்டேன்:
மைக்கைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டுத்தான்
அடுத்தவர் வாய்க்கு நீட்டுகிறாள்.
கேமரா ஜீவரத்தினத்துக்கு
கலெக்டரைத் தவிர எல்லோரும் "தலைவா".
நானும்.

மறுநாள் விடிவதற்கு முன்
அரை மணி நேரம் கோடை மழை.
கொணவட்டத்தில் சுவர் இடிந்து இருவர் பலி.
நாங்கள் கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டுவதற்குள்
செய்தி எங்களை முந்திப் போய்விட்டது,
சிவப்புப் பட்டையோடு,
வேறு ஏதோ ஊர்ச் சுவரின் படத்தோடு.

போய்ப் பார்த்தால்
செத்தது இரண்டு ஆடு.
ஆளுக்குக் காலில் அடி,
அடுக்கம்பாறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.
தப்ஸும் போனில் சொன்னாள்.
அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.
நிம்மதி என்றுதான் நினைத்தேன்.
"அப்போ நாப்பது செகண்டு போதும்."

வெயில் வந்துவிட்டிருந்தது.
அவர் வெளிச்சம் பார்க்க, இவள் வயர் இழுக்க,
கன்னியம்மா நேராக என்னிடம் வந்தாள்.
அட்டையைப் பார்த்தாள். படிக்கவில்லை.
"நீதான் டிவியா?"
தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் நின்றேன்.
"தல கூட வாரலம்மா.
பெரிய பொண்ணு திருப்பூர்ல கீது.
இப்பிடிப் பாத்தா பயந்துபூடும்."

ஈரமுடி. ஒரு பக்கம் முழுக்கச் சுவர் மண்.

மூன்று விதிகளையும் யோசித்தேன்
என்று எழுதினால் பொய்.
கை ஏற்கெனவே என் பின்னந்தலையில் இருந்தது.
பச்சைக் கிளிப்,
காட்பாடி ஸ்டேஷன் வாசலில் இருபது ரூபாய்,
ஒரு பல் உடைந்தது.
அவள் திரும்பி நின்றாள்.
அவ்வளவு நம்பி
எனக்கு யாரும் முதுகு காட்டியதில்லை.
மண்ணைத் தட்டினேன், முடியைச் சுருட்டினேன்,
மாட்டினேன்.

"நிழல் வுழுது தலைவா, தள்ளு."

தள்ளினேன்.

நடந்ததை நடந்தபடி காட்டு:
முதல் செமஸ்டர், முதல் பாடம், இரண்டு மதிப்பெண்.
நடந்ததில் கை வைத்துவிட்டேன்.
யாரிடம் சொல்வது?
தப்ஸும் அந்த "இருவர் பலி"யைத் தூக்கச் சொல்லி
வண்டியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.
தூக்கினார்கள், பத்தரை மணிக்கு.
அதற்குள் எத்தனை போன்.
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில்
ஷிப்ட் நடுவே
ஒரு போன் ஒளிர்ந்திருக்குமோ
என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஏழு மணிச் செய்தியில்
நாற்பது செகண்டு இருபத்தாறாகியிருந்தது.
அதில் அவள் ஒன்பது:
சுவர், ஆடு, ஆட்டுக்கு வாங்கிய கடன்.
ஆம்புலன்ஸ் போன பக்கம் கை காட்டித் திரும்பும்போது
பச்சையாய் ஒன்று
தெரிந்து மறைந்தது.
எடிட் அறையில் நான்கு பேர் இருந்தோம்.
அடுத்தது கிரிக்கெட்.

மூன்றாம் நாள் படிவம் நிரப்பினேன்.
கற்றுக்கொண்டது என்ன? ஐந்து வரி.
சந்தித்த சவால்கள்? ஐந்து வரி.
நிறுவனத்துக்குத் தங்கள் பங்களிப்பு?
அதற்கு அரை வரிதான் விட்டிருந்தார்கள்.
கிளிப், ஒன்று
என்று எழுதினேன்.

தப்ஸும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே படித்தாள்.
"நீ எப்போ கிளிப் குடுத்தே? எத்தன செகண்டு?"

"ரெண்டு" என்றேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.